என் அடுப்புப் புகையும் பேச்சி வீட்டுச் சோளமும்

ஆடி 4, செவ்வாய்

காலையிலிருந்து மேல்காற்று. தண்ணீர்ப் பானைக்குள்கூட மண். புகையில்லா அடுப்பு போட்ட நாள். பின்னால் யாரும் "நான் அங்கன இல்லையே" என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. இருந்தவர்கள்:

நான், செல்லத்தாய்.

என் வீட்டுக்காரர். பேர் எழுத மாட்டேன். ஆயுசு குறைந்தால் யார் பொறுப்பு?

மகன் அய்யாத்துரை. பாதியில் வந்தான், பாதியில் போனான்.

மருமகள் கோமதி. இந்த அடுப்பே அவள் ஆசைப்பட்டதுதான்.

ஜெபமணி. பிளாக் ஆபீசிலிருந்து வரும் கிராம சேவிகா. நாசரேத்துப் பக்கத்துப் பிள்ளை. முழங்கை வரை சேறு, மூக்கு நுனியில் சேறு, சிரிப்பு மட்டும் குறையவில்லை.

பேச்சியம்மாள், என் கொழுந்தன் பெண்டாட்டி. யாரும் அழைக்கவில்லை. இரண்டு வீட்டு முற்றத்துக்கும் நடுவில் ஒரே சுவர். சுவருக்கு மேல் அவள் தலை மட்டும் தெரிந்தது. தலை வந்தாலும் வந்ததுதான்.

அவளும் நானும் பேசிப் பதினெட்டு வருஷம். என் மகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, ரசத்தில் உப்பில்லை என்று சம்பந்தி வீட்டார் காதில் விழச் சொன்னாள். உப்பு இருந்தது. போட்டவள் நான். அதிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் தன் ஆட்டிடம் சொல்வாள், நான் என் கோழியிடம் சொல்வேன். அவரவர்க்குக் கேட்டுவிடும்.

அடுப்புக்கு நான் சம்மதித்த கதையும் எழுத வேண்டும். போன மாதம் மாதர் சங்கத்தில் ஜெபமணி கேட்டாள், "மொதல்ல யார் வீட்டுல போடலாம்?" பேச்சி கையைத் தூக்கினாள். அந்தக் கை முழுசாய் மேலே போவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். அதனால் எனக்கு இன்று. அவளுக்கு நாளை.

அடுப்புக்கு நேர் மேலே பரண் கம்பில் விதைச் சோளக் கதிர், கொத்துக் கொத்தாய்க் கட்டியிருந்தது. கரி ஏறிக் கறுத்துக் கிடந்தது. ஜெபமணி அவிழ்த்து, துணியால் துடைத்து, திரும்பக் கட்டினாள்.

"எதுக்கு ஆச்சி வெதைய அடுப்புக்கு மேல கட்டுதீங்க?"

"எங்கம்மா கட்டுனா. நானும் கட்டுதேன்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அதற்கு மேல் நானும் யோசிக்கவில்லை.

அது இருங்குச் சோளம். கல்யாணமாகி வந்தபோது குளத்தூர்ப் பக்கம் என் அம்மா வீட்டிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த விதை. முப்பத்தொன்பது வருஷமாய் ஒரு வருஷம் விடாமல் விதைத்து எடுக்கிறேன். பேச்சியிடம் இருப்பதும் அதே விதைதான். வீடு பிரிந்தபோது நான் பங்கு போட்டுக் கொடுத்தது. அப்போது பேசிக்கொண்டிருந்தோம்.

புகைக்குழாய் வைப்பதில் தகராறு. ஜெபமணி சொன்னாள், "கூரை வழியா மேல கொண்டுபோயிருவோம் ஆச்சி. ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல."

"என் கூரையில ஓட்ட போட விடமாட்டேன். கிழக்குச் சுவத்துல விடு."

"அங்கன சின்னாச்சி முத்தம்லா இருக்கு?"

"காத்து மேக்க இருந்து வருது. புகை கிழக்கதான போவும்? படிச்ச பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?"

யோசித்தாள். காற்றுக் கணக்கு சரிதான் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "காத்த மட்டுந்தான் பாத்துச் சொல்லுதியா?"

மாட்டுக்குக் கூளம் போடப் போகச் சொன்னேன்.

ஆடி 9, ஞாயிறு

காற்று நிற்கவில்லை. அடுப்பு காய்ந்து, நேற்றிலிருந்து சமையல்.

நல்லது: கண் எரியவில்லை. கோமதி அடுப்பு முன்னால் உட்கார்ந்து பாட்டு முனகுகிறாள். ஐந்து வருஷமாய் இந்த வீட்டில் இருக்கிறாள், இவளுக்குப் பாட்டு வரும் என்று இன்றுதான் தெரிந்தது. என் இருமல் நின்றுவிட்டது. (ஜெபமணியிடம் சொல்லவில்லை. தலைக்கனம் வந்துவிடும்.)

கெட்டது: பெரிய பானை அடுப்பு வாயில் உட்காரவில்லை. குழம்பில் மணம் இல்லை என்கிறார் வீட்டுக்காரர். பூனை அடுப்பைத் தன் வீடு என்று நினைத்துக்கொண்டது.

ரொம்ப நல்லது: புகை பூராவும் பேச்சி முற்றத்தில்.

மத்தியானம் சுவரோரம் நின்று கேட்டேன். அவள் இருமினாள். இரண்டு தடவை. சாப்பாடு நன்றாய் இறங்கியது.

ஆடி 21, வெள்ளி

பேச்சி வீட்டு அடுப்புக்குக் குழாய் தெருப்பக்கம் வைத்திருக்கிறார்கள். அவள் புகை ஊருக்கு, என் புகை அவளுக்கு.

ஆனால் பன்னிரண்டு நாளாய் ஒரு சத்தம் இல்லை. சண்டைக்கு வருவாள் என்று பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். வரவில்லை. இருமலையும் காணோம். கோபப்பட வேண்டியவள் கோபப்படாவிட்டால் எனக்குக் கை வேலை ஓடாது.

வேப்பங்குழை ஒடித்து வந்து அடுப்பில் செருகினேன். பச்சைக்குழை. ஊதாங்குழலால் ஊதினேன். குழாய் வாயில் ரயில் எஞ்சின் மாதிரி புகை. கோழியைத் தேடுவதுபோல் சுவரோரம் போனேன்.

அந்தப்பக்கம் பேச்சி ஆட்டிடம்: "ஏலே கறுப்பா, நல்லா இழுத்து மூச்சு விடு. வேப்பம்புகை ஒடம்புக்கு நல்லதுலே. எவளோ புண்ணியவதி நமக்காவப் போடுதா."

நான் கோழியிடம்: "ஏட்டி செவலை, கொழுப்பெடுத்தவ வீட்டுப் பக்கம் போவாத. ஒனக்கும் ஒட்டிக்கிடும்."

நாளைக்கு இரண்டு மடங்கு குழை.

சாயங்காலம் வீட்டுக்காரர்: "வேப்பமரத்த மொட்டையடிச்சிட்டியேட்டி. வெயிலுக்கு ஒதுங்க நெழலு இல்ல." பல் துலக்கக் குச்சி வேண்டும், அதனால் ஒடித்தேன் என்றேன். "எத்தன பேரு பல்லுக்கு?" என்றார்.

ஆவணி 3, வியாழன்

செவலை பதினொரு குஞ்சு பொரித்தது. ஒன்று நொண்டி. அய்யாத்துரை கோவில்பட்டி போய் வந்தான். கடலைமிட்டாய் வாங்கி வந்திருக்கிறான். அப்பனுக்குப் பல் இல்லை, காலையிலிருந்து ஒரே துண்டைச் சப்பிக்கொண்டு இருக்கிறார்.

சங்கத்தில் ஜெபமணி கேட்டாள், "அடுப்பால என்ன பிரயோசனம்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க." கோமதி எழுந்து, கண்ணில் தண்ணீர் வருவதில்லை, விறகு பாதிதான் ஆகிறது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே சமைக்க முடிகிறது என்று சொன்னாள். இவ்வளவு பேசுவாளா! பேச்சியும் எழுந்து நல்லதாய் நாலு சொன்னாள். என் முறை வந்தது. "பூனைக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தேன். ஜெபமணி அதையும் எழுதிக்கொண்டாள்.

அடுக்களையில் சின்னச் சின்னதாய்ச் சாம்பல் நிறத்தில் பூச்சி பறக்கிறது.

கோமதி: "அத்த, மேலருந்து மாவு மாரி என்னமோ உதிருது."

"மேக்காத்துல மண்ணு விழுதுட்டி. பானைய மூடு."

ஆவணி 17, வியாழன்

கையெழுத்துக் கோணலாய் வரும். வரட்டும்.

இரண்டு குறுக்கம் நிலத்துக்கு விதை பார்த்து வைப்போம் என்று கதிரை இறக்கினேன். லேசாய் இருந்தது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். உமி. ஒவ்வொரு மணியிலும் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. உள்ளே ஒன்றுமில்லை. அத்தனை கொத்தும் அப்படியே. அந்துப்பூச்சி புகை மாதிரி எழும்பி முகத்தில் மோதியது.

புகை மாதிரி என்று எழுதுகிறேன். எழுதும்போதுதான் புரிகிறது. அந்த விதையை முப்பத்தொன்பது வருஷமாய்க் காத்தது புகை. நான் இல்லை, பரண் இல்லை. புகை.

காரணமானவர்கள்: ஜெபமணி, கரியைத் துடைத்தாள். கோமதி, அடுப்புக்கு ஆசைப்பட்டாள். வீட்டுக்காரர், பார்த்துக்கொண்டு இருந்தார். பூனை.

ஜெபமணியை ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வந்தாள். கதிரை வாங்கிக் கசக்கிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"ஆச்சி... எங்க ட்ரெயினிங்ல இத ஒருத்தரும் சொல்லித் தரலியே."

திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். வாயில் வேறு வந்தது. "எங்கம்மாவும் எனக்குச் சொல்லித் தரலியே பிள்ள. கட்டுன்னுதான சொன்னா. எதுக்குன்னு சொல்லலியே."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். கோமதி மோர் கொடுத்தாள். குடிக்கவில்லை. பிறகு குடித்தோம்.

அப்போது ஜெபமணி கேட்டாள், "சின்னாச்சி வீட்டுலயும் புகையில்லா அடுப்புதான? அவிய வெதை என்னாச்சு?"

அது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் போயிருக்கும்! ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன். உரலைச் சுவரோரம் உருட்டி, மேலே ஏறி எட்டிப் பார்த்தேன்.

என் குழாய் வாய்க்கு நேர் முன்னால் ஒரு கயிறு. கயிறு நெடுகச் சோளக் கதிர், தோரணம் கட்டியதுபோல். எண்ணெய் தேய்த்த மாதிரி கறுப்பு. மேலே கிடுகு போட்டு மழை விழாமல் மறைப்பு வேறு. கீழே பேச்சி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள்.

தலையை நிமிர்த்தவில்லை. ஆட்டிடம் சொன்னாள், "ஏலே கறுப்பா, சுவத்து மேல ஒரு தலை தெரியுது. முட்டிராத."

விறகு என்னுடையது. குழை ஒடித்தது நான். ஊதாங்குழல் வைத்து ஊதி ஊதி நெஞ்சு வலித்ததும் எனக்குத்தான்.

ஆவணி 25, வெள்ளி

பிளாக் ஜீப் வந்தது. ஆபீசர் வந்தார். மரத்தடியில் மாதர் சங்கக் கூட்டம். ஜெபமணி விதை போன கதையை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டாள். வேலை போய்விடும் என்று எல்லோரும் பயந்தோம். நான் பயப்படவில்லை. கொஞ்சம் பயந்தேன்.

ஆபீசர் திட்டவில்லை. யார் விதை தப்பித்தது என்று கேட்டார். பேச்சி முன்னால் வந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி.

"எப்படிம்மா தோணுச்சு?"

"அடுக்களையில புகை இல்லய்யா. புகை எங்கன இருக்குன்னு பாத்தேன். அங்கன கொண்டு கட்டுனேன்."

ஆபீசர் கை தட்டினார். ஊரே கை தட்டியது. என் வீட்டுக்காரரும் தட்டினார், பார்த்தேன். "இனி அடுப்பு போடுற ஒவ்வொரு வீட்டுலயும் குழாய் வாய்க்கு முன்னால விதை கட்டச் சொல்லுங்க. இந்தம்மா யோசனைன்னே சொல்லுங்க." ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு.

விறகு யாருடையது என்று கேட்கவில்லை.

பொறுக்க முடியாமல் எழுந்து சொன்னேன், "அய்யா, அந்தப் புகை எங்க வீட்டுது!"

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "கவலப்படாதீங்க பாட்டி. ஜெபமணி வந்து பாப்பாங்க. இனிமே உங்க வீட்டுல புகையே இருக்காது."

சிரித்தவர்கள் பேர் தனியாய் எழுதி வைத்திருக்கிறேன்.

விதை போனவர்களுக்குச் சர்க்கார் டிப்போவிலிருந்து விதை கொடுப்பார்களாம்.

சாயங்காலம் டம்ளரைக் கழுவிச் சுவர் மேல் கவிழ்த்து வைத்தாள் பேச்சி. ஒரு டம்ளர் காய இவ்வளவு நேரமா?

புரட்டாசி 3, ஞாயிறு

ஜெபமணி டிப்போ சோளம் கொண்டு வந்தாள், சைக்கிளில் கட்டி. வியர்த்து வந்தாள். மணி திரட்சியாய், வெள்ளையாய், ஒன்றுபோல இருக்கிறது. குறை சொல்ல ரொம்ப நேரம் பார்த்தேன்.

"தட்ட குட்டையா வருமாமே. மாட்டுக்கு என்னத்தப் போட?"

"மணி கூட வரும் ஆச்சி."

"மழை பேஞ்சா வரும். பெய்யலன்னா? எங்க இருங்கு ரெண்டு தூத்தலுக்கு நிக்கும்."

வீட்டுக்காரர்: "மொளைக்குதான்னு பாருட்டி. மூஞ்சியப் பாக்காத."

கடைசியில் தீர்மானம்: ஒரு குறுக்கத்தில் டிப்போ விதை, ஜெபமணி சொல்கிறபடி வரிசை பிடித்து விதைப்பது. அவள் முகத்துக்காக. இன்னொரு குறுக்கம் இருங்குக்கு.

எந்த இருங்குக்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கிழக்குச் சுவரைப் பார்த்தார்கள்.

அந்த விதை உலகத்தில் இப்போது ஒரே ஒரு கயிற்றில்தான் தொங்குகிறது. குளத்தூரில் அம்மா வீடு போய்விட்டது, தம்பி உப்பளத்து வேலைக்குப் போய் நிலத்தை விட்டுவிட்டான். இந்த வருஷம் மண்ணில் விழாவிட்டால் என் கையில் அது இல்லை.

புரட்டாசி 9, சனி

தெற்கே மின்னல். புழுக்கம். ஈ கடிக்கிறது. அய்யாத்துரை கலப்பைக்குக் கொழு மாற்றிவிட்டான்.

வீட்டுக்காரர்: "வாயத் தொறந்து கேட்டா என்ன கொறஞ்சு போவும்?"

"பதினெட்டு வருஷம் கொறஞ்சு போவும்."

வழிகள்:

ஒன்று, கோமதியை அனுப்புவது. "மருமவள விட்டுக் கேட்டா" என்று ஆட்டிடம் சொல்வாள். வேண்டாம்.

இரண்டு, தொரட்டி. விதை என்னுடையது, புகை என்னுடையது, எடுத்தால் திருட்டு ஆகாது. பேச்சி கடைக்குப் போன நேரம் பார்த்து உரல் மேல் ஏறினேன். கோமதி காலைப் பிடித்துக்கொண்டாள். கொக்கி கயிற்றில் மாட்டவில்லை. அவள் காயப்போட்ட சேலையில் மாட்டியது. சேலை இந்தப்பக்கம் வந்துவிட்டது. ஆடு கத்து கத்தென்று கத்தியது. கோமதி சேலையை மடித்துச் சுவர் மேல் வைத்தாள். மடிக்காமல் எறி என்றேன், கேட்கவில்லை. மருமகள் நல்லவளாய் இருப்பதில் இப்படியும் ஒரு தொந்தரவு.

மூன்று, கோழியிடம் சொல்வது. சுவரோரம் நின்று, "ஏட்டி செவலை, நம்ம வீட்டுல வெதை இல்லட்டி. என்ன செய்யப் போறமோ" என்று சத்தமாய்ச் சொன்னேன். எட்டிப் பார்த்தால் பேச்சி இன்னும் கடையிலிருந்து வரவில்லை. ஆடு மட்டும் என்னைப் பார்த்தது.

புரட்டாசி 11, திங்கள்

விடியலில் மழை. நல்ல மழை. கரிசல் ஊறி, கால் வைத்தால் செருப்பைப் பிடுங்குகிறது. ஊரே காட்டுக்குக் கிளம்புகிறது. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும்.

வீட்டுக்காரரும் அய்யாத்துரையும் டிப்போ விதையோடு போய்விட்டார்கள். ஜெபமணி சைக்கிளைச் சேற்றில் தூக்கிக்கொண்டு நடந்து வந்து, கயிறு கட்டி வரிசை பிடித்துக் கொடுத்தாளாம். பாவாடை பூராவும் சேறாம்.

நான் குளித்தேன். நல்ல சேலை கட்டினேன். கேட்டுவிடுவது என்று முடிவு. எப்படிக் கேட்பது என்று அடுக்களையில் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். "பேச்சி, ஒங்கிட்ட நான் கேக்க வரல, எங்கம்மா வெதையக் கேக்க வந்திருக்கேன்." இது நன்றாய் இருந்தது. தலை குனியாமல் சொல்லலாம். கோமதியிடம் சொல்லிக் காட்டினேன், அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

கதவைத் திறந்தேன். வாசலில் பேச்சி நிற்கிறாள். தலையில் சாக்கு, மடியில் மூட்டை, நனைந்த கோழி மாதிரி.

"யக்கா, ஈரம் காயுததுக்குள்ள போடு. ஒனக்குன்னு பாதிய அன்னைக்கே தனியாக் கட்டிட்டேன்."

"என்னைக்கு?"

"குழாய எங்க பக்கம் வச்சியே, அன்னைக்கே. ஒம் அடுக்களையிலயும் புகை இருக்காதுல்லா."

பதினெட்டு வருஷம் கழித்து என் வாயிலிருந்து வந்தது: "அப்பமே சொல்லுததுக்கு என்னட்டி?"

"சொன்னேன்யக்கா. ரெண்டு மட்டம் ஆட்டுக்கிட்ட சொன்னேன். நீ வேப்பங்குழை ஒடிக்கப் போயிருந்த."

மூட்டையை என் மடியில் கொட்டினாள். கறுப்பு மணி. கடித்துப் பார்த்தேன், கல். வேப்பம்புகை வாசம். உள்ளே வா என்று சொல்ல நினைப்பதற்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு சேற்றில் நடந்துவிட்டாள், அவள் காடும் காத்திருக்கிறதாம்.

பொழுது சாய்வதற்குள் விதைத்து முடிந்தது. இருங்குக்கு வைத்த குறுக்கம் முழுசாய். நானே தூவினேன்.

நான் மன்னித்தவர்கள்: ஆபீசர், அவருக்கு விறகைப் பற்றித் தெரியாது. கை தட்டிய வீட்டுக்காரர். கோமதி, சேலை மடித்ததற்கும் சேர்த்து. ஜெபமணி, காட்டில் வைத்து நோட்டை எனக்குப் படித்துக் காட்டினாள், "புகை கொடுத்து உதவியவர் செல்லத்தாய்" என்று எழுதியிருக்கிறாள். பூனை.

நாலு தடவை சொல்லிப் பார்த்து, குளித்து, நல்ல சேலை கட்டி வாசலுக்கு வந்தவளை, ஒரு வார்த்தை கேட்க விடாமல் கொடுத்துவிட்டுப் போனாளே, அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். பேச்சியம்மாள்.